பதக்கத்தை அணிவிக்கும் கை

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு கொடுப்பதற்கு முன் சில வார்த்தைகள் பேசுமாறு தலைமையாசிரியர் பணித்தார். பரிசுக்கு முன்னால் பேசுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே பந்து விளையாட்டைப் பற்றியே பேசி விடுவது என்று முடிவு செய்தேன். அதிலும் பெண்கள் ஆடும் காற்பந்தைப் பற்றி, ஸ்பெயின் நாட்டில் அவர்களுக்காக நடக்கும் ஒரு கிண்ணப் போட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "எங்கேயோ இருக்கிற ஸ்பெயினுக்கும் நம் தோட்டத்துக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சம்பந்தம் தானாகவே விளங்கும்.

அந்தப் போட்டிக்குச் சூப்பர் கிண்ணம் என்று பெயர். ஒரு நாட்டில் காற்பந்துக்குப் பொதுவாக இரண்டு பெரிய போட்டிகள் உண்டு. ஒன்று லீக் போட்டி. எல்லாக் குழுக்களும் ஒன்றோடொன்று மோதி, ஆண்டு முழுவதும் புள்ளிகள் சேர்த்து, இறுதியில் முதலிடம் பிடிப்பவர் வெற்றியாளர். மற்றொன்று கிண்ணப் போட்டி. தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. லீக்கில் ஜெயித்தவரும் கிண்ணத்தில் ஜெயித்தவரும் மோதிப் பார்த்தால் யார் கை ஓங்கும்? அந்த ஆசையில் பிறந்ததுதான் சூப்பர் கிண்ணம். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட ஓர் ஆட்டம் தொடங்கி விட்டது. நம் மலேசியாவில் 1985ஆம் ஆண்டு முதல் சுல்தான் ஹாஜி அகமது ஷா கிண்ணம் என்று நடந்து வருகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் பலருக்கு அது நன்றாகத் தெரியும். இவையெல்லாம் ஆண்களின் ஆட்டம்.

ஸ்பெயின் நாட்டுப் பெண்களுக்கு அந்த மரியாதை எளிதில் கிடைக்கவில்லை. அந்தக் கதை 1970களில் தொடங்குகிறது.

அப்போது அந்த நாட்டை ஆண்டவர் ஜெனரல் பிராங்கோ. பெண் என்றால் வீடு, சமையல், பிள்ளை என்று வரையறுத்து வைத்திருந்த ஆட்சி அது. அந்தக் காலத்திலும் சில பெண்கள் துணிந்து பந்து விளையாட வந்தார்கள். 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் முர்சியா என்னும் ஊரில் ஸ்பெயின் பெண்களும் போர்ச்சுகல் பெண்களும் மோதினார்கள். ஆட்டம் 3க்கு 3 என்று சமநிலையில் முடிந்தது. ஆனால் அது நாட்டின் அதிகாரபூர்வமான ஆட்டமாகக் கணக்கில் சேரவில்லை. ஸ்பெயின் காற்பந்துக் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை; நாட்டுக் குழு அணியும் சின்னத்தைச் சட்டையில் தைத்துக் கொள்ளவும் அந்தப் பெண்களுக்கு உரிமை இல்லை. கூட்டமைப்பின் அன்றைய தலைவர் பத்திரிகைக்குச் சொன்ன கருத்து என்ன தெரியுமா? பெண்கள் காற்பந்து தமக்குப் பிடிக்கவில்லை, பனியனும் காற்சட்டையும் போட்டால் பெண்ணுக்கு அழகாயில்லை, அவரவர் வட்டாரத்துப் பாரம்பரிய உடைதான் பொருந்தும் என்ற பொருளில் பேசினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கி விட்டது. நம் பாட்டிமார் பால்மரக் காட்டில் காண்டா போட்டு, இரண்டு பக்கமும் வாளி நிறையப் பாலைத் தூக்கிக் கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தார்களே, அப்போது "பெண்ணுக்கு இது அழகில்லை" என்று யாராவது தடுத்தார்களா? காலில் பூட்ஸ் போட்டு, தலையில் துணி கட்டி, கொசுக்கடியில் வேலை செய்தபோது யாரும் அழகைப் பற்றிப் பேசவில்லை. உழைப்புக்குப் பெண்ணின் கால் பலம் வேண்டும். அதே கால் ஒரு பந்தை உதைத்தால் மட்டும் குற்றமா? ஸ்பெயினிலும் இதே கதைதான். வயலில், ஆலையில் பெண் உழைக்கலாம், திடலில் இறங்கக் கூடாது.

1975இல் பிராங்கோ இறந்தார். நாடு மெல்ல மாறியது. 1980ஆம் ஆண்டில்தான் கூட்டமைப்பு பெண்கள் காற்பந்தை ஏற்றுக் கொண்டது. 1983 பிப்ரவரியில் நாட்டுப் பெண்கள் குழு முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியது. எதிரணி மறுபடியும் போர்ச்சுகல்தான். அதில் ஸ்பெயின் 0க்கு 1 என்று தோற்றது. தோற்றாலும் என்ன, இந்த முறை அது கணக்கில் சேர்ந்தது! அதே ஆண்டில் அரசியார் கிண்ணம் என்னும் போட்டியும், 1988இல் தேசிய லீக் போட்டியும் தொடங்கின. லீக் வந்தது, கிண்ணம் வந்தது, அப்புறம் சூப்பர் கிண்ணமும் வர வேண்டும் அல்லவா? 1997ஆம் ஆண்டில் பெண்களுக்கான சூப்பர் கிண்ணம் முதன்முதலாக நடந்தது.

ஆனால் அதன் ஆயுள் மிகக் குறைவு. 2000ஆம் ஆண்டோடு நிறுத்தி விட்டார்கள். ஆண்களின் சூப்பர் கிண்ணம் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வந்து கொண்டிருக்க, பெண்களின் கிண்ணம் 20 ஆண்டுகள் தூங்கியது. ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்குப் போய், படித்து முடித்து வேலைக்கும் போய்விடும் காலம் அது. அந்த 20 ஆண்டுகளில் எத்தனை திறமைசாலிப் பெண்கள் ஆடி ஓய்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்! அவர்கள் ஜெயித்த லீக்குக்கும் கிண்ணத்துக்கும் மேலே ஒரு படி இருந்திருக்க வேண்டும். அந்தப் படியை யாரோ எடுத்து விட்டார்கள்.

தூங்கிய கிண்ணம் 2020ஆம் ஆண்டு விழித்தது. அதற்குச் சற்று முன் நடந்ததைப் பெரியோர்கள் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரில் ஸ்பெயின் முதல் நிலை லீக்கில் ஆடும் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆம், ஸ்டிரைக்! அந்த வார லீக் ஆட்டங்கள் நடக்கவில்லை. கேட்டது என்ன? ஒரு கூட்டு ஒப்பந்தம். குறைந்தபட்சச் சம்பளம், காயம் பட்டால் பாதுகாப்பு, பிள்ளை பெற்றால் வேலை போகாமல் இருக்கும் உரிமை. கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன என்று நான் இங்கே விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்த தாத்தாக்கள் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த பாடம் அது. தனித்தனியாகப் போய்க் கேட்டால் "நாளைக்கு வா" என்பார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

2020 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்குக் குறைந்தது 16,000 யூரோ சம்பளம் என்று முடிவாயிற்று. அதே பிப்ரவரி 9ஆம் நாள் சலமாங்கா நகரத்தில் சூப்பர் கிண்ண இறுதியாட்டமும் நடந்தது. முன்பு இரண்டு குழு மோதிய போட்டியில் இப்போது நான்கு குழுக்கள். அரையிறுதியில் பார்சலோனா, அத்லெத்திகோ மாட்ரிட் குழுவை 3க்கு 2 என்று கஷ்டப்பட்டு வென்றது. இறுதியில் ரியல் சோசியெடாட் குழுவை 10க்கு 1 என்று நொறுக்கியது. பையன்களே, அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள், பத்துக்கு ஒன்றுதான்!

அடுத்து 2021 ஜனவரியில் அல்மேரியா நகரில் அத்லெத்திகோ மாட்ரிட் பழி தீர்த்துக் கொண்டது. அரையிறுதியில் பார்சலோனாவைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தி, இறுதியில் லெவாந்தே குழுவை 3க்கு 0 என்று வென்று கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. 2020 முதல் 2025 வரை நடந்த 6 போட்டிகளில் பார்சலோனா வெல்லாத போட்டி அது ஒன்றுதான்.

மாணவச் செல்வங்களே, கோல் கணக்கை மறந்தாலும் மறக்கக் கூடாத ஓர் ஆட்டம் 2022இல் நடந்தது. அத்லெத்திகோ குழுவில் வர்ஜினியா டொரெசில்லா என்று ஒரு வீராங்கனை. 2020 மே மாதம் அவருக்கு மூளையில் கட்டி என்று கண்டுபிடித்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பந்து விளையாடுவது இருக்கட்டும், உயிர் பிழைத்தாலே போதும் என்ற நிலை. தளராமல் சிகிச்சை எடுத்து, மறுபடியும் நடந்து, ஓடி, பயிற்சி செய்து, 2022 ஜனவரி 23ஆம் நாள் சூப்பர் கிண்ண இறுதியாட்டத்தில் கடைசிச் சில நிமிடங்களுக்கு மாற்று ஆட்டக்காரராகத் திடலில் கால் வைத்தார். அவர் குழு அன்று பார்சலோனாவிடம் 7க்கு 0 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பார்சலோனாப் பெண்கள் என்ன செய்தார்கள்? தோற்ற குழுவின் டொரெசில்லாவை நடுவில் தூக்கி வைத்து வானத்தில் எறிந்து எறிந்து பிடித்தார்கள். தங்கள் வெற்றியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு எதிராளியின் மீட்சியைக் கொண்டாடினார்கள். நம் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியில் தோற்றால் ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டு வருகிறார்கள். சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று சண்டை வேறு! டொரெசில்லாவின் கதையை வீட்டுக்குப் போனதும் உங்கள் தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

2023 ஜனவரி 22. ஊர் மெரிடா. ரோமானியர் காலத்துப் பழைய அரங்குகள் இன்றும் நிற்கும் ஊர். இறுதியாட்டத்தில் பார்சலோனா, ரியல் சோசியெடாட் குழுவை 3க்கு 0 என்று வென்றது. ஆட்டம் முடிந்தது. பரிசளிப்பு நேரம். பெண்கள் வரிசையாக நின்றார்கள். பதக்கங்கள் எங்கே? ஒரு மேசை மேல் தட்டில் வைத்திருந்தது. அணிவிக்க யாரும் முன் வரவில்லை. ஒவ்வொரு பெண்ணாக மேசைக்குப் போய், தட்டிலிருந்து தானே ஒரு பதக்கத்தை எடுத்து, தானே கழுத்தில் மாட்டிக் கொண்டாள். கல்யாண வீட்டில் தாம்பாளத்திலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்துக் கொண்டு போவது மாதிரி! வெற்றிலை பாக்கைக்கூட நம் வீடுகளில் யாராவது இரண்டு கையால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு ஆண்களின் சூப்பர் கிண்ண இறுதியாட்டம் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்தது. அங்கே ஆண்களுக்குப் பெரியவர்கள் வரிசையாக நின்று பதக்கம் அணிவித்துக் கை குலுக்கினார்கள். இரண்டு படங்களையும் உலகமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆட்டத்தின் பெயர் ஒன்று, நாடு ஒன்று, கூட்டமைப்பு ஒன்று. ஆண்களின் பதக்கத்தைக் கழுத்தில் போடக் கை இருந்தது, பெண்களின் பதக்கத்தைப் போட இல்லை.

"பதக்கம் கிடைத்ததல்லவா, யார் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பெற்றோர்களே, உங்களையே கேட்கிறேன். இன்று இந்த மேடையில் பரிசுகளை ஒரு மேசையில் குவித்து வைத்துவிட்டு, "பிள்ளைகளே, அவரவர் பரிசை அவரவர் எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போங்கள்" என்று நாங்கள் சொன்னால் உங்கள் மனம் எப்படி இருக்கும்? பொருள் ஒன்றும் குறையவில்லை. அதே அகராதி, அதே பென்சில் பெட்டி, அதே கிண்ணம். ஆனாலும் ஏதோ ஒன்று போய்விட்டது அல்லவா? பரிசில் பாதியைப் பிள்ளை உழைத்துச் சம்பாதிக்கிறது. மறு பாதியைப் பெரியவர்கள் கொடுக்கிறோம். ஒருவர் எழுந்து நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, "நீ செய்ததை நான் பார்த்தேன்" என்று கையால் கொடுப்பதுதான் அந்த மறு பாதி.

மெரிடாவில் நடந்தது ஒரு நாள் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2022 செப்டம்பரில், ஸ்பெயின் நாட்டுக் குழு வீராங்கனைகள் 15 பேர் கூட்டமைப்புக்குக் கடிதம் அனுப்பினார்கள். 15 பேரின் கடிதத்திலும் ஒரே வாசகம். குழுவின் நிலைமை மாறும் வரை தங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று எழுதினார்கள். நாட்டுக்காக ஆடும் பேற்றை யாராவது சும்மா விட்டுக் கொடுப்பார்களா? வேறு வழி இல்லாமல்தான் எழுதினார்கள். அதில் பெரும்பாலோர் உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. மூவர் மட்டுமே போனார்கள்.

அந்த உலகக் கிண்ணம் 2023ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது. ஆகஸ்டு 20ஆம் நாள் சிட்னியில் 75,784 பேர் முன்னிலையில் ஸ்பெயின் பெண்கள் இங்கிலாந்தை 1க்கு 0 என்று வென்று உலக வெற்றியாளர் ஆனார்கள். 29ஆவது நிமிடத்தில் கோல் போட்டவர் ஒல்கா கார்மோனா. 1971இல் சட்டையில் சின்னம் தைக்க உரிமை இல்லாதவர்களின் வாரிசுகள், 1983இல் முதல் ஆட்டத்தில் தோற்றவர்களின் வாரிசுகள், உலகத்தையே ஜெயித்தார்கள். ஸ்பெயின் அரசி லெத்திசியா தம் இளைய மகளோடு நேரில் வந்து அவர்களைக் கட்டியணைத்துப் பாராட்டினார்.

அந்த மகிழ்ச்சியான மேடையிலேயே ஒரு கறையும் விழுந்தது. கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ், ஜென்னி ஹெர்மோசோ என்னும் வீராங்கனையை அவர் சம்மதம் இல்லாமல் முத்தமிட்டார். சிறு பிள்ளைகள் இருக்கும் சபையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறு பிள்ளைகளுக்குத்தான் இது தெரிந்திருக்க வேண்டும். பரிசு கொடுப்பவர் என்பதால் பரிசு வாங்குபவர் மேல் அவருக்கு வேறு எந்த உரிமையும் வந்துவிடாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், வீட்டில் சொல்லலாம், ஆசிரியரிடம் சொல்லலாம். ஹெர்மோசோ சொன்னார். உடன் ஆடிய பெண்கள் எல்லோரும் அவர் பக்கம் நின்றார்கள். அடுத்த மாதமே அந்தத் தலைவர் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் மாட்ரிட்டில் நீதிமன்றம் அது குற்றம் என்று தீர்ப்பளித்து 10,800 யூரோ அபராதம் விதித்தது.

இதே 2023 செப்டம்பரில் லீக் பெண்கள் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்தார்கள். முதல் சுற்று ஆட்டங்கள் நடக்கவில்லை. சில நாட்களில் உடன்பாடு வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 16,000 யூரோவிலிருந்து 21,000 யூரோவாக உயர்ந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர்கள் அழவில்லை, ஒன்றாக நின்று கேட்டார்கள்.

பெற்றோர்களே, இதுவரை சொன்னது கூட்டமைப்பு, ஒப்பந்தம், நீதிமன்றம் என்று பெரிய இடத்து விஷயங்கள். இனி ஒரு சின்ன வீட்டு விஷயம் சொல்கிறேன்.

மெரிடாவில் தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்தவர்களில் ஒருவர் அய்தானா பொன்மாத்தி. உலகத்தின் சிறந்த வீராங்கனைக்குத் தரும் தங்கப் பந்து விருதை 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வாங்கியவர். அவருக்கு முன் அவர் குழுவைச் சேர்ந்த அலெக்சியா புத்தேயாஸ் 2021, 2022 ஆண்டுகளில் அதை வாங்கினார். அய்தானாவின் அப்பாவும் அம்மாவும் கட்டலான் மொழி ஆசிரியர்கள். நம்மைப் போல் தாய்மொழியைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் குடும்பம். பொன்மாத்தி என்பது அவர் தாயின் குடும்பப் பெயர். வழக்கமாகத் தந்தை பெயரை முதலில் போடும் நாட்டில் தாயின் பெயரை முதலில் வைத்தார்கள். சிறு வயதில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்துதான் அவர் பந்து ஆடினார். பிறகு பார்சலோனாவின் இளையோர் அணியில் இடம் கிடைத்தது. பயிற்சிக்குப் போக வேண்டும். வீட்டில் கார் ஓட்டுகிறவர் யாரும் இல்லை. என்ன செய்தார்கள்? "ரொம்ப தூரம், பெண் பிள்ளை, இருட்டிவிடும், வேண்டாம்மா" என்று சொல்லியிருக்கலாம். அப்பா மகளைக் கூட்டிக் கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் போனார், கூடவே திரும்பினார்.

அந்த அப்பா ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆனால் அந்தத் தங்கப் பந்துகளில் அவருடைய பஸ் டிக்கெட்டும் இருக்கிறது என்று நான் சொல்வேன்.

2022 மார்ச் 30ஆம் நாள் பார்சலோனாவும் ரியல் மாட்ரிட்டும் மோதிய பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 91,553 பேர் வந்தார்கள். அடுத்த மாதம் ஜெர்மனியின் வூல்ஃப்ஸ்பர்க் குழுவோடு ஆடியபோது 91,648 பேர். "பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? திறமை அந்தப் பெண்களிடம் முன்பே இருந்தது. பார்க்க வருபவர்கள் வந்து சேரத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். மலேசியப் பெண்களுக்கும் பந்துக்கும் நேற்று வந்த உறவு அல்ல. 1975ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் பெண்கள் காற்பந்துப் போட்டியிலேயே நம் நாட்டுக் குழு ஆடியது. நம் திடலிலும் மாலை வேளையில் பெண் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். சிலருக்குக் காலில் அண்ணன் போட்டுப் பழசான பூட்ஸ், முன்னால் துணி அடைத்திருக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. ஆனால் ஓட்டம் இருக்கிறதே, அது சொந்த ஓட்டம்!

ஆண்டுதோறும் நான் ஒன்றைக் கவனிக்கிறேன். நான்காம் ஆண்டில் 12 பேர் வருவார்கள். ஐந்தாம் ஆண்டில் 8 பேர். ஆறாம் ஆண்டில் 3 பேர். பையன்கள் எண்ணிக்கை குறைவதில்லை. பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால், "தம்பியைப் பார்த்துக்கணும் டீச்சர்", "அம்மா இனிமே வேண்டாம்னுட்டாங்க டீச்சர்", "வெயில்ல கறுத்துப் போயிடுவேனாம் டீச்சர்" என்று பதில் வரும். ஒரு தாயார் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "டீச்சர், எனக்கு ஆசைதான். ஆனா திடல்லேர்ந்து வீட்டுக்கு வர்ற பாதையில விளக்கு இல்ல. செம்பனைக் காட்டு ஓரமா தனியா வரணும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

அந்தத் தாயாரின் பயம் நியாயமான பயம். அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது அல்ல. அய்தானாவின் அப்பா செய்ததுதான் மருந்து. கூட நடப்பது. ஆகவே தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வாரம் இரண்டு நாள் பயிற்சி. மாலை 5 மணிக்குத் தொடங்கி 6:15க்குக் கண்டிப்பாக முடியும். அந்த இரண்டு நாளும் முறை வைத்து இரண்டிரண்டு பெற்றோர் திடலுக்கு வந்து, எல்லாப் பெண் பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு வீடு வீடாக விட்டு வர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு நாள் வந்தாலே போதும். பெயர் எழுதும் தாள் வாசலில் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். அண்ணன்மார், மாமன்மார் வந்தாலும் சரி, பாட்டிமார் வந்தாலும் சரி. காண்டா தூக்கிய பாட்டி கூட வந்தால் எந்தப் பயமும் கிட்டே வராது!

பந்து விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்ற கவலையும் சிலருக்கு உண்டு. நேரத்தை வகுத்துக் கொண்டால் கெடாது. அய்தானா பந்தோடு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் படித்தவர். நம் பிள்ளைகள் எல்லோரும் உலகக் கிண்ணம் ஆடப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் தோற்றாலும் எழுந்து ஓடவும், பத்துப் பேரோடு சேர்ந்து நிற்கவும், "இது என் உரிமை" என்று நிமிர்ந்து கேட்கவும் திடல் கற்றுக் கொடுக்கிறது. நாளைக்கு ஆலையிலோ அலுவலகத்திலோ வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த மூன்றும் வேண்டும்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்ஸ் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். பள்ளிக்கு நன்கொடையாக வந்த 9 ஜோடி விளையாட்டு அறையில் இருக்கின்றன. அளவு பார்த்து எடுத்துக் கொள்ளலாம். மாணவர்களே, உங்கள் அக்கா தங்கை ஆடும்போது "பொம்பளப் புள்ளைக்குப் பந்தா?" என்று சிரிக்காதீர்கள். 10க்கு 1 என்று வாங்கிக் கட்டிக் கொள்ள வேண்டி வரும்!

இறுதியாக ஒன்று. இன்று வழக்கமான முறையில் சிறு மாற்றம் செய்யத் தலைமையாசிரியர் அன்போடு இசைந்திருக்கிறார். கல்விப் பரிசுகளைச் சிறப்பு விருந்தினர் எடுத்து வழங்குவார். விளையாட்டுப் பதக்கங்களை அந்தந்தப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ மேடைக்கு வந்து அணிவிக்க வேண்டும். "நான் என்ன பெரிய மனுஷியா, மேடைக்கு வர?" என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். பால் கறை இருந்தாலும் முள் கீறல் இருந்தாலும் அந்தக் கைதான் அந்தப் பதக்கத்துக்குத் தகுந்த கை. வேலை காரணமாகப் பெற்றோர் வர முடியாத பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவோ நாங்களோ வந்து நிற்போம். இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் பதக்கத்தைத் தட்டிலிருந்து தானே எடுத்துக் கொண்டு போகக் கூடாது.

முதலில் பெண்கள் காற்பந்துக் குழுவைக் கூப்பிடப் போகிறார்கள். பெயர் கேட்டதும் தாய்மார்கள் தயங்காமல் எழுந்து வாருங்கள்.